சேலத்திலும் ஏற்காட்டிலும் தன்பால் இணையரின் கல்யாணத்தைச் சபை மக்களோடு கொண்டாட: முழுமையான வழிகாட்டி

இரண்டு பெண்கள், அல்லது இரண்டு ஆண்கள். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள். சேர்ந்து வாழ முடிவு செய்துவிட்டார்கள். அந்த வாழ்க்கையைத் தங்களை வளர்த்த சபை மக்களின் முன்னால், ஜெபத்தோடு தொடங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இந்த வழிகாட்டி அவர்களுக்கும், அவர்களோடு நிற்க நினைக்கும் பெற்றோர், சித்தி, மாமா, சபை நண்பர்களுக்கும். சேலத்தில் சபைக் கமிட்டி வேலைகளில் பல வருடம் இருந்தவன் நான். ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பது முதல் பந்தி பரிமாறுவது வரை கல்யாணத்தின் எல்லாப் பக்கங்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாளில் எந்த இடத்திலும் பொய் இருக்கக்கூடாது. ஆயரிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்வது, பதிவேட்டில் ஏதாவது எழுதுவது, உறவினரை "பிறந்தநாள் விருந்து" என்று அழைத்து வந்து அதிர வைப்பது, இவை எதுவும் வேண்டாம். எதிர்ப்பவர்கள் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடுவார்கள். கீழே நான் சொல்லும் ஏற்பாடுகள் கொஞ்சம் சுற்றிப் போவது போலத் தெரிந்தால், காரணம் இதுதான்.

சட்டமும் சபையும் இன்று நிற்கும் இடம்

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் மனமொத்து வாழும் உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதனால் நீங்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. எனவே இன்றைக்குப் பதிவுத் திருமணம் கிடையாது. வெளிநாட்டில் செய்துகொண்ட பதிவுக்கும் இங்கே மதிப்பில்லை. இருவரில் ஒருவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்து, ஆண்–பெண் உறவாக அமைந்தால் கதை வேறு. இப்போதுள்ள திருமணச் சட்டங்களின் கீழேயே அவர்கள் மணம் செய்யலாம் என்று அதே 2023 தீர்ப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட ஜோடி முதலில் வக்கீலைப் பார்க்கட்டும்.

நம் ஊர் நீதிமன்றம் கொடுத்திருக்கும் பலம் பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் வழிகாட்டுதல்கள் கொடுத்தார். வீட்டார் "காணவில்லை" என்று புகார் கொடுத்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், மனமொத்துச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்பது அதில் முக்கியமானது. தன்பாலீர்ப்பை "மாற்றுகிறோம்" என்று சிகிச்சை கொடுப்பதையும் அவர் தடை செய்தார். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது. இந்த இரண்டு தீர்ப்புகளின் நகலையும் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சபைகளின் நிலை நேரானது. கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணம் என்ற அருட்சாதனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும். ஆனால் 2023 டிசம்பர் 18 அன்று, போப் பிரான்சிஸ் காலத்தில், வத்திக்கான் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன்பால் இணையர் கேட்டால் குருவானவர் அவர்களுக்கு எளிமையான ஆசீர் வழங்கலாம். அது சடங்கு முறையாக இருக்கக்கூடாது, கல்யாண உடையோ கல்யாண வார்த்தைகளோ கூடாது என்றது. அது சில நொடிகளில் முடியும் ஆசீர்தான். அதை விழா நாளில் எதிர்பார்க்காதீர்கள். வேறொரு சாதாரண நாளில், இருவருமாகப் போய், ஃபாதரிடம் தலைகுனிந்து கேட்பதற்குரியது அது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் ஒரு திருமண்டலத்தின் கீழ், அதாவது பேராயர் தலைமையிலான நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. ஆலயத்துக்குள் தன்பால் திருமணம் நடத்த அதன் ஒழுங்குமுறை இடம் தரவில்லை. நடத்தி வைத்தால் அந்த ஆயர் மேல் நடவடிக்கை வரலாம். லுத்தரன் சபைகளும் அப்படியே. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை இதைப் பற்றிப் பேசவே தயாராக இல்லை. இது வருத்தம் தரும் நிலைமை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெரியவர்கள் யாராவது "சபை என்றால் இதை ஒருநாளும் ஏற்காது" என்று சொன்னால், ஒரு விஷயத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். சேலத்தில் இன்றைய சி.எஸ்.ஐ. சபைகளுக்கு வித்திட்டுப் பள்ளியும் ஆலயமும் கட்டியது லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கம். அந்த மிஷனைத் தாங்கிய இங்கிலாந்துச் சபைகளில் பெரும்பாலானவை 1972ல் யுனைடெட் ரிஃபார்ம்ட் சர்ச் என்ற சபையில் இணைந்தன. அந்தச் சபை, 2016ல், விரும்பும் உள்ளூர்ச் சபைகள் தன்பால் திருமணத்தை நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. நமக்கு வேதத்தைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வேதத்தை வாசித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

காகிதம் முதலில், பூ அப்புறம்

விழா தேதி குறிப்பதற்கு முன்னால் காகிதங்களை முடித்துவிடுங்கள். கல்யாணப் பதிவு தானாகத் தரும் உரிமைகளை நீங்கள் ஒவ்வொன்றாக எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

உயில்தான் முதல் வேலை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்துவிட்டால் சொத்து ரத்த சொந்தங்களுக்குப் போகும், கூட வாழ்ந்தவருக்கு ஒரு கைப்பிடி மண்கூடக் கிடைக்காது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அவர் பங்கு போய்விடும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பிறகு அண்ணனோ பெரியப்பாவோ வழக்குப் போட்டால் அந்த முத்திரை பேசும்.

அடுத்து வங்கி. தன்பால் இணையர் சேர்ந்து கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை தெளிவாகவே சொல்லிவிட்டது. கிளையில் யாராவது முகம் சுளித்தால் அந்த அறிவிப்பைச் சொல்லுங்கள். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் இல்லை. உயிலும் நாமினியும் ஒரே பெயராக இருந்தால்தான் நிம்மதி.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும். எனக்கு முடியாமல் போனால் இன்னார் என் பக்கத்தில் இருக்கலாம், டாக்டர் அவரிடம் பேசலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் சான்று வாங்கி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மனநலச் சிகிச்சைக்கு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இன்னும் நல்ல வழி தருகிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வயது வந்த யாரையும் உங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம். ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. மகளை "சரி பண்ண" ஏதாவது மையத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் உள்ளவர்கள் இந்தத் தாளை இன்றே எழுதுங்கள்.

வீடு வாங்குவதானால் ஆரம்பத்திலேயே இருவர் பெயரிலும் கிரயம் செய்யுங்கள். பின்னால் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், குடும்பத்தினருக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது.

ஆயரிடம் பேசுவது

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது இதைப் பேசாதீர்கள். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். வார நாளில் நேரம் கேட்டு, ஆயர் குடியிருக்கும் பார்சனேஜுக்குப் போய், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். கூட ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. அம்மாவோ, ஞாயிறு பள்ளி ஆசிரியையோ, உங்களை மதிக்கும் யாரோ ஒருவர்.

"எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பீர்களா ஐயா?" என்று கேட்டால் அவரால் முடியாது என்றுதான் சொல்ல முடியும். அந்தக் கேள்வி அவரை மூலையில் தள்ளிவிடும். இப்படிக் கேளுங்கள்: "ஐயா, நாங்கள் சேர்ந்து வாழப்போகிறோம். ஆலயமும் பதிவேடும் கேட்கவில்லை. எங்களுக்காக ஜெபிப்பீர்களா? எங்கள் வீட்டு நன்றிக்கூட்டத்துக்கு வருவீர்களா?" எல்லா ஆயர்களும் ஒரே பதில் சொல்வதில்லை. ஒருவர் தன் அலுவலக அறையிலேயே கதவைச் சாத்திவிட்டு ஜெபிப்பார். ஒருவர் வருவார், ஆனால் அங்கி போடமாட்டார். ஒருவர் வரமாட்டார், தன் மனைவியை, அதாவது ஐயரம்மாவை அனுப்புவார். அந்த அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலே சபையில் பாதிப் பேருக்குச் செய்தி போய்ச் சேரும்.

அவர் கொடுக்கும் அளவை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். வீட்டுப் பிரதிஷ்டை (புதுவீட்டு ஜெபம்) என்று கூப்பிட்டுவிட்டு நடுவில் மோதிரம் மாற்றுவது ரொம்பத் தப்பு. அவருக்குச் சம்பளம், குடியிருக்கும் வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் திருமண்டலத்தின் கையில் இருக்கிறது. உங்களுக்காக மனம் திறந்த ஒருவரைச் சிக்க வைத்தால், அடுத்து வரும் ஜோடிக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

மறுத்துவிட்டால்? நம் சபைகளில் ஆயர் இல்லாமல் நடக்கும் கூட்டங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். வேலை கிடைத்தால் ஸ்தோத்திரக் கூட்டம், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ஸ்தோத்திரக் கூட்டம், வீட்டு ஜெபக்கூட்டம், கத்தோலிக்கர் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டம். எல்லாம் சபையார் தாங்களே நடத்துபவை. பாட்டு, வேத வாசிப்பு, சாட்சி, ஜெபம், சாப்பாடு. ஒரு புதிய வாழ்க்கைக்கு நன்றி சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, அதிகாரம் இல்லாத ஒருவர் கிறிஸ்தவத் திருமணம் நடத்தி வைப்பது தண்டனைக்குரிய குற்றம். அதனால் நண்பர் ஒருவர் முன்னின்று நடத்தும்போது, "சட்டப்படியான தம்பதி என்று அறிவிக்கிறேன்" என்ற வாக்கியம் வரவே கூடாது. சான்றிதழ் மாதிரி எதுவும் அச்சடிக்காதீர்கள். அழைப்பிதழிலும் "உடன்படிக்கை மற்றும் நன்றி வழிபாடு" என்று இருக்கட்டும். நீங்கள் செய்வது அதுதானே.

வீட்டில் சொல்வது

இதற்கு வரிசை உண்டு. முதலில் எந்தப் பக்கத்தில் ஆதரவு வரும் என்று தெரிகிறதோ அவரிடம். பெரும்பாலும் அது ஒரு சித்தியாகவோ அத்தையாகவோ, படித்து வெளியூரில் இருக்கும் தங்கையாகவோ இருக்கும். அவரைக் கூட வைத்துக்கொண்டு அம்மாவிடம். அப்பாவிடம் அம்மா சொல்வதா நீங்கள் சொல்வதா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். பாட்டியை ஒதுக்காதீர்கள். "இனி நீ தனியாக இருக்கமாட்டாய் அல்லவா?" என்று கேட்டு ஒரு பாட்டி சமாதானமானதை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் ஜோடிகளுக்கு இதில் ஆபத்து அதிகம். வீட்டில் அடைத்து வைப்பது, போனைப் பிடுங்குவது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் நடக்கும். சொல்வதற்கு முன்னால் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பகமான ஓர் இடத்தில் வையுங்கள். ஒருவரை அடைத்து வைத்துவிட்டால் இன்னொருவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

"உபவாச ஜெபத்தில் வைத்துப் பிசாசை விரட்டுகிறோம்" என்று கிளம்புபவர்களும் உண்டு. உங்களுக்காக ஜெபிப்பது வேறு, உங்களைப் பூட்டி வைத்துப் பட்டினி போடுவது வேறு. இரண்டாவதற்கு உடன்படாதீர்கள்.

இடமும் தேதியும்

ஆலயத்தின் சமுதாயக் கூடத்தைக் கேட்டால் கமிட்டித் தீர்மானம் வேண்டும், தீர்மானம் என்றால் சண்டை. தனியார் இடம்தான் நல்லது. சேலத்திலேயே நாலு ரோடு, ஐந்து ரோடு பக்கம் ஹோட்டல்களில் சின்ன ஹால்கள் கிடைக்கும். வயதானவர்கள் அதிகம் வருவதானால் அதுவே போதும்.

ஏற்காடு என்றால் காபி எஸ்டேட் பங்களா, ஹோம்ஸ்டே. அங்கே திறந்தவெளியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வழிபாடு வைக்கலாம். உரிமையாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, "இரண்டு பெண்களின் உடன்படிக்கை விழா, ஜெபமும் சாப்பாடும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "குடும்ப விழா" என்று மட்டும் சொல்லி வைத்து, அன்று காலையில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினால் தாங்காது. சரி என்கிறவர் ஒருவராவது கிடைப்பார். பேசியதை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நண்பர்கள் தங்கினால் அவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது தங்குமிடக்காரர் பொறுப்பு, அதையும் நினைவுபடுத்துங்கள்.

தேதியில் கவனம் வேண்டும். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை போகும் லெந்து காலத்திலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆகமன காலத்திலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள், சபையின் காலண்டரை மதிக்கிறவர்கள் என்பது அதிலேயே தெரியும். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி, கூட்டம், இரட்டிப்பு வாடகை. வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிடுவதுண்டு. பொங்கல் முடிந்து சாம்பல் புதனுக்கு முன்னால் உள்ள சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்தவை. குளிர் இருக்கும், மழை பெரும்பாலும் இருக்காது. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரியவர்களுக்கு வேனில் முன் இருக்கை, எலுமிச்சம்பழம், வாந்தி வந்தால் ஒரு பை. காலை 11 மணிக்கு வழிபாடு, 1 மணிக்குப் பந்தி, மூடுபனி இறங்குவதற்குள் வேன்கள் கீழே கிளம்பிவிட வேண்டும்.

வழிபாட்டு முறை

எல்லோரும் அறிந்த முறைக்குப் பக்கத்திலேயே இருங்கள். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் தயக்கத்தோடு வந்திருப்பார்கள். பழகிய கீர்த்தனையின் முதல் வரி கேட்டதும் அவர்கள் வாய் தானாகத் திறக்கும். புதுமை செய்ய வேண்டிய இடம் இதுவல்ல.

இருவரும் ஒன்றாக நடந்து வரலாம், அல்லது ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அவரவர் அம்மாவோடு வரலாம். ஒருவர் காத்திருக்க மற்றவர் நடந்து வருவது இவர்களுக்குப் பொருந்தாது. தொடக்க ஜெபம், கீர்த்தனை, இரண்டு வேத வாசிப்புகள். ரூத் 1:16–17 இந்த நாளுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், உன் ஜனம் என் ஜனம், சாவு வரை பிரியமாட்டேன் என்று சொல்லும் வார்த்தை. ரூத் அதைத் தன் மாமியாரிடம் சொன்னாள். ஆனால் எத்தனையோ ஆண்–பெண் கல்யாணங்களிலும் அதே பகுதியைத்தான் வாசிக்கிறோம். ஆண்கள் என்றால் பிரசங்கி 4:9–12. இரண்டாவது வாசிப்புக்கு 1 கொரிந்தியர் 13. தேவசெய்தி பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்லும் மேடையாக அதை ஆக்கிவிடாதீர்கள். அன்று அந்த இருவரைப் பற்றி மட்டும் பேசட்டும்.

அப்புறம் வாக்குறுதி. ஆலயத்தில் சொல்லும் வாக்குறுதியின் நடையிலேயே, "புருஷன்", "மனைவி" வரும் இடங்களில் "வாழ்க்கைத் துணை" என்று வைத்து எழுதலாம். நன்மையிலும் தீமையிலும், சுகத்திலும் வியாதியிலும் என்ற பகுதியை விடாதீர்கள். கூடியிருப்பவர்களுக்கும் ஒரு வாக்குறுதி வைக்கச் சொல்வேன். "இவர்கள் ஒன்றாக வாழ நாங்கள் துணை நிற்போம்" என்று எழுந்து நின்று சொல்லட்டும். எனக்கு இதுதான் அந்த வழிபாட்டின் உயிர். பதிவேடும் சட்டமும் தராத சாட்சியை அந்த மனிதர்கள்தான் தருகிறார்கள். பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட ஒரு நல்ல நோட்டு வையுங்கள். குழந்தைகளும் போடட்டும்.

மோதிரமா தாலியா? என் கருத்தில் இருவருக்கும் மோதிரம் போதும். இரு பெண்களில் ஒருவருக்குத் தாலி ஆசை இருந்தால், சிலுவையோ புறாவோ பதித்த தாலியை ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ளட்டும். ஒருவர் மட்டும் கட்டி மற்றவர் வாங்குவது வேண்டாம். கடைசியில் இரண்டு பக்கப் பெற்றோரும் தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும். பெற்றோர் வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் ஒரு பெரியவரை முன்பே கேட்டு வையுங்கள்.

உடை, பந்தி, படம்

ஆண்களுக்குச் சேலம் வெண்பட்டு வேட்டியைவிட வேறென்ன வேண்டும்? பெண்களுக்குக் கொண்டலாம்பட்டியில் நேரடியாக நெசவாளரிடம் ஒரே தறியில் இரண்டு சேலை சொல்லி வைக்கலாம், மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். பூ வ.உ.சி. மார்க்கெட்டில் விடியற்காலை. பந்தியில் மட்டன் பிரியாணி, சைவம் தனியாக. பந்திக்குப் பிறகு காபியோடு தட்டுவடை செட் போடும் ஒருவரைக் கூட்டி வந்துவிடுங்கள். தயங்கி ஓரமாக நிற்கும் சொந்தக்காரர்கள் அந்தத் தள்ளுவண்டியைச் சுற்றித்தான் பேசத் தொடங்குவார்கள்.

படம் எடுப்பதற்கு ஒழுங்கு வேண்டும். வந்தவர்களில் பள்ளி ஆசிரியர், அரசு ஊழியர், ஆயரின் மனைவி எல்லோரும் இருப்பார்கள். ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். புகைப்படக்காரரிடமும் அதை எழுத்தில் வாங்குங்கள். படத்தில் வர விரும்பாதவர்களுக்கு வேறு வரிசை ஒதுக்குங்கள்.

விழா முடிந்த பிறகு

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போங்கள். ஒரே பெஞ்சில் உட்காருங்கள். யாராவது எழுந்து வேறு இடம் மாறினால் மாறட்டும். அன்று உங்களோடு கூட வந்து உட்கார இரண்டு மூன்று குடும்பங்களை முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். நண்பர்களுக்கு நான் சொல்வது: விழாவுக்கு வந்ததைவிட அந்த ஞாயிறு அந்தப் பெஞ்சில் இருப்பது முக்கியம்.

அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குப் போவதா என்று மனம் தவித்தால் ஆயரிடம் தனியாகக் கேளுங்கள். உங்களைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவிட்டால், அந்த ஆலயத்தில் தொடர்வதா, நகரத்தில் வேறு சபைக்குப் போவதா, வீட்டு ஜெபக்குழுவோடு இருப்பதா என்பதை அவசரப்படாமல் இருவரும் பேசி முடிவெடுங்கள். எதை எடுத்தாலும் அதில் விசுவாசக் குறைவு இல்லை.

சபைச் சந்தா கட்டுவதை நிறுத்தாதீர்கள். இருவர் பெயரையும் சபையின் ஒரே குடும்ப அட்டையில் எழுத மறுத்தால் தனித்தனியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். அங்கத்தினர் என்ற உரிமை அந்த ரசீதில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வையுங்கள், டீயும் சுண்டலும் போதும். டிசம்பர் தொடக்கத்தில் பாடகர் குழு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு வீடுகளின் பட்டியல் எழுதும். அழைப்புக்குக் காத்திராமல் இருவர் பெயரையும் போட்டு, தெருவும் கதவு எண்ணும் எழுதி, செயலரிடம் கொடுத்துவிடுங்கள். வருகிறவர்களுக்குக் கேக் எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள்.